பதினாறு பேர், எட்டு மேசை, ஒரே நாள்: சண்டை வராமல் ஒரு போர்ப் போட்டி நடத்துவது எப்படி?

#1 · சின்னப்படை

வணக்கம் நண்பர்களே. நவம்பரில் ஒரு சனிக்கிழமைக்கு, லண்டனுக்கு வெளியே ஒரு கிராம மண்டபம் கிடைத்திருக்கிறது. காலை 9 முதல் மாலை 5:30 வரை நம் கையில். எங்கள் கிளப்பில் என்னைத் தவிர வரலாற்று மினியேச்சர் போர் (சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் ஆட்டம்) ஆடுபவர்கள் 11 பேர், பக்கத்து ஊரிலிருந்து 5 பேர். ஆக 16. நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது.

கேட்கக் காரணம் இருக்கிறது. போன வருஷம் வேறொரு ஊர்ப் போட்டிக்கு ஆட்டக்காரனாகப் போனேன். மூன்றாவது சுற்று. எதிரில் இருந்தவருக்கு இன்னும் ஒரு எலிமெண்ட் (ஒரே தட்டில் ஒட்டிய பொம்மைக் குழு) போனால் தோல்வி. மனிதர் அளக்கும் டேப்பை எடுத்தார், வைத்தார், குனிந்தார், நிமிர்ந்தார், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே ஒரு நகர்த்தலுக்குப் பதினோரு நிமிடம். மணி அடித்தது, டிரா. பக்கத்து மேசையில் 2 மில்லிமீட்டருக்காக இரண்டு பெரியவர்கள் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். பொம்மைகளை வைத்து விளையாடப் போய் நானே பொம்மை மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

விதி டிபிஏ என்று முடிவு செய்துவிட்டேன். தெரியாதவர்களுக்காக: டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாடிஸ், 1990-இல் பிரிட்டனின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்டது. ஒரு படைக்கு 12 எலிமெண்ட்தான். 15 மிமீ பொம்மை என்றால் பேஸ் (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டு) அகலம் 40 மிமீ, பலகை 60 செமீ சதுரம். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை. விழுந்த எண்ணிக்கை அளவுக்குத்தான் படையை நகர்த்தலாம். ஒன்று விழுந்தால் ஒரு குழு நகரும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எதிராளியைவிட அதிகமாக இழந்து, இழப்பு நாலைத் தொட்டால் தோல்வி. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

புள்ளி எப்படிக் கொடுப்பது, நேரத்தை எப்படிக் கட்டுவது, புதியவர்கள் நாலு பேரை என்ன செய்வது (அதில் ஒருவரிடம் படையே கிடையாது) — இந்த மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

#2 · கேன்னே216

டிபிஏ நல்ல முடிவு. பெரிய விதிகளில் ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் போகும். ஒரு நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் முடியாது, முதல் சுற்றில் தோற்றவருக்கு நாளே வீண். இதில் தோற்றால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ஆட்டம்.

16 பேருக்கு நாலு சுற்று, சுவிஸ் முறை. டிரா இல்லாவிட்டால் நாலாவது சுற்றின் முடிவில் தோல்வியே காணாதவர் ஒருவர்தான் மிஞ்சுவார். யாரையும் வெளியேற்றாமல், சம புள்ளிக்காரர்களையே மோதவிடும் முறை இது. 1895-இல் சூரிச் சதுரங்கப் போட்டியில் முதலில் பயன்படுத்தினார்கள், அதனால்தான் அந்தப் பெயர். மென்பொருள் எல்லாம் வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை எழுதுங்கள், சுற்று முடிந்ததும் புள்ளிவாரியாக அடுக்குங்கள், மேலிருந்து ஜோடி சேருங்கள். ஏற்கெனவே மோதியவர்கள் என்றால் அடுத்த அட்டை. அவ்வளவுதான் வேலை.

10 மணிக்கு முதல் சுற்று, சுற்றுக்கு 70 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவெளி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். 4:30-க்குள் முடிந்துவிடும்.

#3 · கோவைக்_குதிரை

இழுத்தடிப்பவருக்குச் செஸ் கடிகாரம் வையுங்கள் அண்ணா. பிரச்சினை முடிந்தது.

#4 · கேன்னே216

முடியாது தம்பி. செஸ்ஸில் என் நேரம் எனக்கு, உன் நேரம் உனக்கு. இங்கே என் முறையில் நடக்கும் மோதலுக்கு நீயும் பகடை உருட்ட வேண்டும், பின்வாங்கும் எலிமெண்டை நீதான் எடுத்து வைக்க வேண்டும். கடிகாரத்தை யார் எப்போது தட்டுவது என்பதே புதுச் சண்டையாகிவிடும்.

உண்மையான சிக்கல் புள்ளியில் இருக்கிறது. நேரம் முடிந்தால் டிரா என்று வைத்தால் தோற்கப்போகிறவர் இழுப்பார். சரி, மணி அடிக்கும்போது அதிகம் வீழ்த்தியவருக்கு வெற்றி என்று மாற்றினால்? முன்னணியில் இருப்பவர் இழுப்பார். நேரம் யாருக்கு லாபமோ அவர் மெதுவாகத்தான் ஆடுவார். வேண்டுமென்றே செய்ய வேண்டியதே இல்லை, கை தானாக மெதுவாகிவிடும். நானே செய்திருக்கிறேன், அப்புறம்தான் உறைத்தது.

#5 · ஸ்காபரோ_ஈட்டி

தம்பிமாரே, இந்தத் தலையிடி புதுசில்லை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட ‘லிட்டில் வார்ஸ்’ எழுதின காலத்திலேயே நேரக் கட்டுப்பாடு வைத்தவர். முப்பது ஆளுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம். அந்தக் கணக்குக்குள் நகர்த்தி முடிக்க வேணும். நூறு வருஷத்துக்கு மேலாச்சு, நாங்கள் இன்னும் அதையேதான் கதைத்துக்கொண்டு இருக்கிறம்.

இங்கே டொரன்டோப் பக்கம் எங்கட குழுவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறம். முடிந்த ஆட்டத்தில் வென்றவருக்கு 4, தோற்றவருக்கு 1. முடியாத ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் 1. தோற்கிறவர் இழுத்தாலும் அதே 1, விட்டுக்கொடுத்தாலும் அதே 1. முன்னுக்கு நிற்கிறவர் இழுத்தால் 3 புள்ளி நட்டம். ஆக இரண்டு பேருக்கும் ஆட்டத்தை முடிக்கிறதுதான் வசதி. சமநிலை வந்தால் மட்டும் வீழ்த்தின எலிமெண்டுகளைக் கூட்டிப் பாருங்கோ.

#6 · கேன்னே216

அண்ணை, அருமை. ஒரே ஓட்டை: எதிராளி 4 வாங்கக் கூடாது என்றே ஒருவர் இழுக்கலாமே?

#7 · ஸ்காபரோ_ஈட்டி

ஓம், இழுக்கலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு எந்தக் கணக்கும் மருந்தில்லை. அடுத்த முறை அழைப்பு அனுப்பாமல் விடுகிறதுதான் மருந்து.

#8 · பசைவிரல்

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அந்த 2 மில்லிமீட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

டிபிஏ-வில் ஒவ்வொரு எலிமெண்டுக்கும் முன்னால் ஒரு பேஸ் அகலத்துக்கு ஒரு மிரட்டல் எல்லை உண்டு. அதற்குள் எதிரி நுழைந்துவிட்டால் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. ஆக, மூலை உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில்தான் முக்கால்வாசிச் சண்டை. பச்சைப் புல்தூள் ஒட்டிய பேஸ், அதற்குக் கீழே சற்று மேடுபள்ளமான பலகை, மேலே ஒரு பழைய டேப். இதில் 2 மிமீ யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டில் ஆடும்போது ஒரு பழக்கம். எலிமெண்டை வைக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும்: “இதை உங்கள் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறேன், சரியா?” எதிராளி குனிந்து பார்த்து “சரி” என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அப்புறம் மேசை ஆடினாலும், முழங்கை பட்டாலும், பூனை ஏறினாலும் அது வெளியேதான் இருக்கிறது. நோக்கத்தைச் சொல்லி விளையாடுவது. இதை ஒரே ஓர் அட்டையில் எழுதி எட்டு மேசையிலும் வைத்துப் பாருங்கள், நடுவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

ஆளுக்கொரு டேப்பும் வேண்டாம். ஐஸ் குச்சியில் 40 மிமீக்கு ஒரு கோடு போட்டு மேசைக்கு ஒன்று வையுங்கள். இப்போதைய பதிப்பில் தூரமெல்லாம் பேஸ் அகலக் கணக்குதான். இரண்டு பேரும் ஒரே குச்சியால் அளந்தால் குச்சி தப்பாக இருந்தாலும் இருவருக்கும் ஒரே தப்பு.

#9 · சின்னப்படை

அக்கா, ஐஸ் குச்சி யோசனைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். அப்படியும் தீராத தகராறு வந்தால்?

#10 · ஸ்காபரோ_ஈட்டி

பகடை. ஒரு நிமிடம் இரண்டு பேரும் கதைத்துப் பார்க்கட்டும். சரிவராவிட்டால் நீர் போய் 1-2-3 இல்லை, 4-5-6 ஓம் என்று உருட்டிவிட்டு வாரும். புத்தகத்தைத் திறந்தீரோ, மண்டபமே வந்து சுற்றி நிற்கும்.

பிரஷ்யப் படையிலும் இதே கதைதான். ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-இல் கொடுத்த கிரீக்ஸ்பீல் (போர் விளையாட்டு) விதிகள் கணக்கும் அட்டவணையுமாய் இருந்தது. அதிகாரிகளுக்குச் சலித்துப்போய், 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜெனரல் அட்டவணையைத் தூக்கிப்போட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்கிறதே முடிவு என்று வைத்தார். ஆனால் அவருக்குத் தோளில் பட்டை இருந்தது. உமக்கு இல்லை. அதனால் பகடைதான்.

#11 · கோவைக்_குதிரை

யார் எந்தப் படை கொண்டுவருவது? எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றால் எகிப்தியத் தேரும் இடைக்கால நைட்டும் மோதும். எனக்கு அது பிடிக்காது. 2,500 வருஷம் தாண்டி வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

#12 · பசைவிரல்

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, புதியவர் பிரச்சினையும் தீரும். படையை ஆளோடு சேர்க்காதீர்கள், மேசையோடு சேருங்கள். ஒவ்வொரு மேசையிலும் வரலாற்றில் நிஜமாக மோதிய இரண்டு படைகள் நாள் முழுக்க அங்கேயே இருக்கும், ஆட்கள் மட்டும் இடம் மாறுவார்கள். ஒருவர் நிலப்பரப்பை அடுக்க வேண்டும், மற்றவர் எந்தப் படை என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் மைசூர்பாகு பங்கு போடுவது மாதிரிதான்: வெட்டுகிறவர் ஒருவர், முதலில் எடுப்பவர் மற்றவர். யாரும் கோணலாக வெட்ட மாட்டார்கள்.

16 பேருக்கு 16 படைதான் தேவை, 192 எலிமெண்ட். படை இல்லாதவர் வெறுங்கையோடு வரலாம். தன் படையை மட்டுமே மூன்று வருஷமாக மெருகேற்றி வைத்திருக்கும் கில்லாடிக்கும் அதே நிலைமை. இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்பார்கள்.

என்னிடம் ஆறு படை இருக்கிறது, இதே ஊரில்தான் இருக்கிறேன், தருகிறேன். ஒரு நிபந்தனை. பேஸைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஈட்டியைப் பிடித்துத் தூக்கினால் நானே வந்து கையைத் தட்டுவேன். என் மாசிடோனியர்களின் நீள ஈட்டி எஃகுக் கம்பியில் செய்தது. நாலு வரிசை, பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருக்கும், அவசரப்பட்டுப் பிடித்தால் விரலில் ஏறிவிடும். சேதம் இருவருக்கும்தான்.

#13 · கேன்னே216

ஜோடிகள்: ரோமும் கார்தேஜும் (கேன்னே, கி.மு. 216, என் பெயருக்காகவாவது வையுங்கள்). ரோமும் மாசிடோனியாவும் (சைனோசெஃபாலே, கி.மு. 197). தாலமியும் செலூசிடும் (ராஃபியா, கி.மு. 217). அலெக்சாண்டரும் போரஸும் (கி.மு. 326). எகிப்தும் ஹிட்டைட்டும். நார்மனும் ஆங்கிலோ-சாக்சனும் (ஹேஸ்டிங்ஸ், 1066). ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் (பானக்பர்ன், 1314). எட்டாவதுக்கு கார்ரே, கி.மு. 53, பார்த்தியக் குதிரை வில்லாளிகளும் கிராஸஸின் ரோமானியர்களும்?

#14 · பசைவிரல்

கார்ரே வேண்டாம். பார்க்க அழகு, ஆட இழுவை. இலகு குதிரை ஓடும், திரும்பும், மறுபடி ஓடும். ரோமானியக் காலாட்படை துரத்தவும் முடியாது, ஓடவும் முடியாது. 70 நிமிடத்தில் முடியாது. ராஃபியா அருமை. இரண்டு பக்கமும் யானை இருந்த போர் அது. எகிப்து மன்னர் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானை, செலூசிட் மன்னர் அந்தியோகஸிடம் 102 இந்திய யானை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்க யானைகள் இந்திய யானைகளின் வாசனையும் பிளிறலும் தாங்காமல் பின்வாங்கியதாம். என் யானைகளுக்குப் பாகன் தனியாக ஒட்டியது, கொஞ்சம் பார்த்து.

#15 · கோவைக்_குதிரை

எட்டாவது மேசைக்குத் தக்கோலம் வைக்கலாமே? 949, சோழரும் ராஷ்டிரகூடரும்.

#16 · கேன்னே216

எல்லா இடத்திலும் சோழரை நுழைத்தே ஆக வேண்டுமா தம்பி?

#17 · கோவைக்_குதிரை

நுழைக்கவில்லை அண்ணா, இந்த விதிக்கு அச்சாகப் பொருந்துகிறது. இளவரசர் ராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டார். “ஆனைமேல் துஞ்சிய” என்று கல்வெட்டிலேயே பட்டம். அவர் விழுந்ததும் போரும் விழுந்தது. டிபிஏ-விலும் தளபதியின் எலிமெண்ட் போய், இழப்பும் எதிராளியைவிட அதிகம் என்றால் நாலு வரை காத்திருக்க வேண்டாம், ஆட்டம் அத்தோடு முடிந்தது. தளபதியை யானையில் ஏற்றி முன்னால் அனுப்புவதா, பின்னால் பத்திரமாக நிறுத்துவதா என்பதே அந்த மேசையில் முழு ஆட்டம்.

#18 · சின்னப்படை

தக்கோலம் உறுதி. இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேராவது அந்தப் பெயரைச் சொல்லிப் பழகட்டும். எங்கள் கிளப் நண்பர் ஒருவரிடம் இந்தியப் படை ஒன்று இருக்கிறது, இன்னொன்றை நானே வண்ணம் பூச வேண்டும். ஐந்து வாரம், 12 எலிமெண்ட். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

கடைசிக் கேள்வி: வண்ணம் பூசியதற்கும் நல்ல நடத்தைக்கும் புள்ளி கொடுக்கலாமா?

#19 · பசைவிரல்

கூடவே கூடாது. நடத்தைக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், நண்பன் நண்பனுக்குப் பத்து போடுவான், போட்டியாளனுக்கு யோசித்து ஆறு போடுவான். நல்ல நடத்தையும் ஓர் ஆயுதமாகிவிடும். கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு: “இன்று உங்களோடு ஆடியவர்களில் யாரோடு மறுபடி ஆட ஆசை?” ஒரே பெயர். அதிகச் சீட்டு வாங்கியவருக்கு முதல் பரிசைவிடப் பெரிய பரிசு. வெற்றி பெற்றவருக்குக் கைதட்டலும் ஒரு சாக்லேட்டும் போதும்.

#20 · கேன்னே216

முதல் சுற்றை மட்டும் சீட்டுக் குலுக்காதீர்கள். நாலு புதியவர்களையும், பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்த நாலு பேரோடு போடுங்கள். இரண்டாவது சுற்றிலிருந்து அட்டை பார்த்துக்கொள்ளும். அப்புறம், நீங்கள் ஆடாதீர்கள். ஒருவர் வராவிட்டால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும். அப்போது உட்கார ஓர் ஆள் வேண்டும்.

#21 · சின்னப்படை (ஏழு வாரம் கழித்து)

முடிந்தது! கால் வலிக்கிறது, மனது நிறைந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை 9:20-க்கு ஒருவர் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். கேன்னே அண்ணா சொன்னபடி நான் உட்கார்ந்தேன், நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி. ஆனால் அதனால் ஒரு சங்கடம்: ஆடிக்கொண்டே நடுவராக இருக்க முடியவில்லை. என் போரஸின் யானை முட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது மேசையில் கை தூக்குகிறார்கள். அடுத்த முறை உட்காருவதற்கென்றே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

10:40-க்கு டீ கொதிகலனையும் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டோம், மொத்த மண்டபமும் இருட்டு. கைப்பேசி வெளிச்சத்தில் பகடை உருட்டினார்கள். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில்தான் ஒருவருக்கொருவர் பழகினார்கள் என்று நினைக்கிறேன், அதற்கப்புறம் சிரிப்புச் சத்தம் கூடியது.

மூன்றாவது சுற்றில் அட்டை அடுக்கியதில் என் தப்பு. முதல் சுற்றில் மோதிய இருவரையே மறுபடி சேர்த்துவிட்டேன். அவர்களே வந்து சொல்லித் திருத்தினார்கள்.

“சரியா?” அட்டை பிரமாதமாக வேலை செய்தது. நாள் முழுக்க நடுவரைக் கூப்பிட்டது ஐந்தே முறை, மூன்றைப் பேசியே முடித்தார்கள், இரண்டுக்குப் பகடை. புதியவர்களில் ஒருவர் இரண்டு ஆட்டம் ஜெயித்தார். இன்னொருவர் நாலிலும் தோற்றார், கிளம்பும்போது எனக்கு முன்னால் அடுத்த தேதியைக் கேட்டார்.

தக்கோலம் மேசையில் நாலு ஆட்டத்தில் மூன்று முறை தளபதி யானை முன்னால் போனது. மூன்று முறையும் துஞ்சினார்.

ஆனால் முடியாத ஆட்டங்கள் நாலு. அதில் மூன்று ஹேஸ்டிங்ஸ் மேசையில். ஏன் என்று புரியவில்லை, புள்ளிக் கணக்கு அங்கே மட்டும் எடுபடவில்லை.

#22 · கேன்னே216

அந்த மேசையில் குன்று வைத்தீர்களா?

#23 · சின்னப்படை

வைத்தேன். சென்லாக் குன்று இல்லாமல் ஹேஸ்டிங்ஸா?

#24 · கேன்னே216

அதுதான். சாக்சன்காரர் குன்றின் மேல் கேடயச் சுவரைக் கட்டி நிற்பார். மேலே நிற்பவருக்கு மோதலில் கூடுதல் புள்ளி, இறங்கினால் அது போச்சு. நார்மன் குதிரைக்காரர் மேலே ஏறினால் அடி வாங்குவார். இரண்டு பேரும் நல்லவர்கள், யாரும் இழுக்கவில்லை. ஆனால் யாருக்கும் முதல் அடி எடுத்து வைக்கக் காரணம் இல்லை. நிஜப் போரே காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடந்தது. அதை 70 நிமிடத்தில் முடி என்றால் எப்படி?

#25 · ஸ்காபரோ_ஈட்டி

குன்றை வைத்தவர் இவர், பழி புள்ளிக் கணக்குக்கு. அதே 1066-இலேயே ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் இருக்கு, ஹேஸ்டிங்ஸுக்கு மூன்று கிழமை முந்தி. அதே சாக்சன் படை, எதிரில் வைக்கிங். அங்கே சாக்சன்காரர்தான் அடிக்கப் போனவர்கள். படை ஒன்றை மட்டும் மாற்றும், மேசை தானாக ஓடும்.

#26 · சின்னப்படை

அட, ஆமாம். வைக்கிங் படை யாரிடமாவது இருக்கிறதா? இன்னொரு 12 எலிமெண்ட் பூசினால் வீட்டில் எனக்குத்தான் போர்.

மறந்துவிட்டேன்: சீட்டில் அதிக ஓட்டு வாங்கியவர் எட்டாவது இடத்தில் முடித்த ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பரிசு ஒரு பெரிய பெட்டிக் கார்தேஜிய பிளாஸ்டிக் வீரர்கள். முதலிடம் வந்தவர் சாக்லேட்டை அங்கேயே பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

#27 · பசைவிரல்

எல்லாம் சரி தம்பி. என் ஆறு படையையும் எண்ணிப் பார்த்தேன். ஈட்டி இரண்டு வளைந்திருக்கிறது, எதிர்பார்த்ததுதான். ராஃபியா செட்டில் ஒரு பாகனைக் காணோம்.

#28 · சின்னப்படை

அக்கா, மன்னித்துவிடுங்கள், சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். நேற்று ராத்திரி கிடைத்துவிட்டார். மண்டபத்திலிருந்து கொண்டுவந்த சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தார். வலது கை கொஞ்சம் மடங்கியிருக்கிறது. ஒட்டி அனுப்பட்டுமா?

#29 · பசைவிரல்

பசையைத் தொடாதீர்கள். சர்க்கரையை மட்டும் துடைத்துவிட்டு, பஞ்சில் சுற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.